பின்கட்டில் எத்தனை பேர்?

அந்த வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் ரோஷம் தலைக்கு மேல். யாருக்கு அதிகம் என்று கேட்டால் தீர்ப்புச் சொல்ல அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

அம்மா கட்டட வேலையில் கலவை மெஷின் ஓட்டுகிறவள். கலவைக்காரம்மா என்றால்தான் ஊருக்குத் தெரியும். மூத்தவள், பாலங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் கம்பெனியில் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு. சின்னவன் அதே கம்பெனிக்குக் காண்ட்ராக்டர் மூலமாக வேலைக்குப் போக ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது.

போன வாரம் மூத்தவள் செய்த காரியம் ஆபீஸ் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அங்கே பெரிய கணக்குகளைப் போட ஒரே ஒரு பெரிய மெஷின்தான். எல்லாரும் அவரவர் மேஜையிலிருந்து வேலையை அனுப்புவார்கள். மெஷின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கணம் கொடுக்கும், அடுத்ததற்குப் போகும், சுற்றிச் சுற்றி வரும். வேலைக்கு ஒரு முறை என்பது பழைய விதி. டிசைன் பிரிவில் ஒரு சீனியர் இதைக் கண்டுபிடித்து, தன்னுடைய ஒரே வேலையை நூறாக நறுக்கி அனுப்பினார். மற்றவனுக்கு ஒரு முறை வந்தால் அவருக்கு நூறு முறை வந்தது. துண்டு சார் என்று அவருக்குப் பேர் வந்ததே அதனால்தான்.

மூத்தவள் விதியை மாற்றினாள். இனிமேல் வேலைக்கு ஒரு முறை கிடையாது, பெயருக்கு ஒரு முறை. எந்தப் பெயரில் உள்ளே வருகிறாயோ அந்தப் பெயருக்கு ஒரு பங்கு. நூறாக நறுக்கு, ஆயிரமாக நறுக்கு, அந்த ஒரு பங்கை உன் துண்டுகளுக்கு நீயே பிரித்துக்கொள்.

மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார். அதோடு விட்டிருந்தால் நல்லது. அம்மா அதைக் கலவை மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்லி, சாரத்தின் உச்சியில் நின்றவர்களுக்கெல்லாம் தெரியப்படுத்திவிட்டாள்.

*

"எந்திரிச்சு நின்னுதான் கை குடுத்தாரா, இல்ல உக்காந்துகிட்டேவா?" காலையில் அம்மா மறுபடி ஆரம்பித்தாள்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? எந்திரிச்சுத்தான்."

"மேஸ்திரி நம்ப மாட்டேங்கறான். உக்காந்தே குடுத்திருப்பாருங்கறான். இன்னிக்குப் போய் அவன் வாயை அடைக்கணும்."

சின்னவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மூன்று நாளாக அவன் அக்காவோடு பேசவில்லை. ஏனென்று அம்மாவுக்கும் தெரியாது.

"அம்மா, உன் பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லு," என்றான்.

"அவ இங்கதானடா உக்காந்திருக்கா. காது வேற நல்லாக் கேக்குது."

"நீ சொல்லு. எங்க வேலை மூணு நாளா நகரல. மெஷின்ல அப்படியே நட்டு வெச்ச மாதிரி நிக்குது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த நடைபாலத்துக்குக் காத்துக் கணக்கு மொத்தமும் முடிச்சுக் குடுத்தாகணும். குடுக்கலன்னா காண்ட்ராக்டர் எங்க டீமையே கலைச்சிடுவாரு. நேத்து மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு."

அம்மாவின் கை பாதியில் நின்றது. "கலைச்சிடுவாருன்னா? உனக்கு வேலை போயிடுமா?"

"எல்லாருக்கும்."

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, அந்த மெஷினுக்குச் சாவி உன் கையிலதான இருக்கு? தம்பிக்குக் கொஞ்சம் திறந்து விட்டா என்ன? யாரு பாக்கப் போறா?"

"அம்மா! அது சாவி போட்டுத் திறக்கற பீரோ இல்ல. எல்லாருக்கும் ஒரே விதி. ஒரு பேருக்கு ஒரு பங்கு. இவன் பேருக்கும் அதேதான். நகரலன்னா இவன் என்னமோ தப்பா எழுதியிருப்பான். எடுத்துக் காட்டச் சொல்லு, பாக்கறேன்."

"ஆமா, இவ பாத்துக் குடுத்துத்தான் நான் பிழைக்கணும்!" சின்னவன் எழுந்துவிட்டான். கதவருகே போய்த்தான் அக்காவை நேராகப் பார்த்தான். "எல்லாருக்கும் சமம், எல்லாருக்கும் சமம்னு சொல்றியே. அந்த எல்லாரும் எத்தனை பேருன்னு உனக்குத் தெரியுமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

"சாப்பாட்டை வெச்சுட்டுப் போறான் பாரு," என்றாள் அம்மா. "இந்த வீம்பு அப்படியே உங்கப்பன்."

"உன்னோடது, அம்மா," என்றாள் மூத்தவள்.

*

மாடியில் கம்ப்யூட்டர் அறை எப்போதும் குளிர். சத்தமும் அதிகம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் யார் வந்தாலும் தெரியாது, யார் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் மூத்தவளுக்கு ஆபீஸில் பாதிப் பேரின் முகம் தெரியாது. திரையில் ஓடும் பெயர்களாகத்தான் தெரியும். இந்தப் பெயர் காலையில் வேலை அனுப்பும், இந்தப் பெயர் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி அனுப்பும், இந்தப் பெயருக்குப் பொறுமை கிடையாது என்று ஆளின் குணத்தையே பெயரை வைத்துச் சொல்லிவிடுவாள்.

அன்று முதல் வேலையாகத் தம்பியின் பெயரைத் தேடினாள். அப்படி ஒரு பெயர் மெஷினில் இல்லை.

மறுபடி தேடினாள். இல்லவே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "எனக்குத் தனி மேஜை, தனி லாகின்," என்று வீட்டில் சொன்னவன் அவன். அம்மா அதையும் சாரத்துக்குக் கத்தியிருந்தாள்.

அப்புறம் வரிசையைப் பார்த்தாள். எல்லாப் பெயர்களும் ஓடிக்கொண்டிருந்தன. துண்டு சார்கூடத் தன் ஒரு பங்கில் முணுமுணுத்துக்கொண்டு ஓடினார். ஒரே ஒரு பெயர் மட்டும் முக்கிக்கொண்டு கிடந்தது. 'பின்கட்டு' என்று பெயர். அவள் வருவதற்கு முன்னாலேயே யாரோ திறந்து வைத்த பெயர். நிறைய வேலை அனுப்புகிற பேராசைக்காரன் ஒருத்தன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இவனும் துண்டு சாருக்குப் பங்காளிதான் என்று மூன்று நாள் முன்னால் வீட்டில் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்துமிருந்தாள்.

தம்பி பேச்சை நிறுத்தியது அன்றிலிருந்துதான்.

மூத்தவள் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். வாசல் காவலாளியிடம் கேட்டாள். "அண்ணே, பின்கட்டுன்னா எது?"

"என்னம்மா, இத்தனை வருஷமா இருக்கீங்க, இது தெரியாதா? ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால. காண்ட்ராக்ட் ஆளுங்க உக்கார்ற இடம்."

*

தகரக் கூரை. மேலே பழைய மின்விசிறிகள். நீளமான ஒரே பலகையை மேஜையாக்கி இரண்டு பக்கமும் ஆட்கள். சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது: லாகின் பின்கட்டு. கீழே பாஸ்வேர்ட்.

மொத்தப் பேருக்கும் அந்த ஒரே பெயர்தான்.

நடைபாலத்தை ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு, காற்று அடித்தால் அந்தப் பகுதி எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போடுகிறார்கள். பழைய விதியில் வேலைக்கு ஒரு முறை என்பதால் இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை கிடைத்துக்கொண்டிருந்தது. யாரும் நினைத்துச் செய்ததில்லை, தற்செயலாக நடந்த நியாயம். பெயருக்கு ஒரு பங்கு என்றதும் இத்தனை பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். மாடியில் ஒருத்தர் தனியாக வைத்துக்கொள்ளும் பங்கை இங்கே இத்தனை பேர் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றியது அவள். கை குலுக்கல் வாங்கியதும் அவள்தான்.

சின்னவன் பலகையின் கோடியில், தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். தனி மேஜை.

"இதை ஏன்டா வீட்டுல சொல்லல?"

"எதை? எனக்குப் பேரே இல்லன்னா?" அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊரெல்லாம் அக்காவைக் கொண்டாடுது. நடுவுல போய் உன் விதியில நாங்க செத்துட்டோம்னு சொல்லணுமா? நீயா கண்டுபிடிப்பேன்னு பாத்தேன்."

"நான் என்ன ஜோசியக்காரியா? வாய் இருக்குல்ல உனக்கு?"

"உனக்குக் கால் இருக்குல்ல? ஒரு நாளாவது இறங்கி வந்திருக்கியா?"

பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண், வாயும் வயிறுமாக இருந்தவள், நாற்காலியைச் சத்தமாக நகர்த்தினாள். "அக்காவும் தம்பியும் அப்புறமா சண்டை போட்டுக்கங்க. எனக்கு இந்த வேலை போனா வேற இடத்துல இந்த வயித்தோட எவனும் எடுக்க மாட்டான். மெஷினைப் பத்தி பேசுங்க."

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. தலையைக் குனிந்து யோசித்தாள். ஆளுக்கு ஒரு பெயர் திறந்துவிடலாம். ஆனால் கம்பெனி அடையாள எண் இல்லாதவருக்குப் பெயர் திறக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. இன்றைக்குள் அது நடக்காது. இன்னொரு வழி உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை பங்கு என்பது மெஷினில் ஒரு எண். எல்லாருக்கும் ஒன்று என்று போட்டு வைத்திருக்கிறாள். பின்கட்டுக்கு மட்டும் எத்தனை தலையோ அத்தனை பங்கு என்று மாற்றலாம்.

மேலே போய் ஒரு பட்டனைத் தட்டினால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. அம்மா சொன்ன மாதிரி, திறந்துவிட்டுப் போய்விடலாம்.

மூத்தவள் மேலே போனாள். ஆனால் போனது மேலாளர் அறைக்கு.

*

துண்டு சார் ஏற்கெனவே அங்கே இருந்தார். தன் வேலை மெதுவாகப் போகிறது என்று சொல்ல வந்தவர். மூத்தவள் சொன்னதைக் கேட்டதும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"பின்கட்டுலதானே உங்க தம்பி இருக்காரு?"

"ஆமா சார்."

"அப்ப சரி. எனக்குன்னா ஒரு பங்கு. உங்க தம்பி உக்கார்ற இடத்துக்குன்னா டஜன் கணக்குல பங்கு. நல்ல நியாயம்மா. பாசம்னா இப்படி இருக்கணும்."

மேலாளர் பேனாவை மூடினார். "நீங்க போட்ட விதியை நீங்களே ஒரு வாரத்துல மாத்துறீங்க. அதுவும் உங்க வீட்டு ஆள் இருக்கற இடத்துக்கு. நான் வெளியில என்னன்னு சொல்றது?"

"விதியை மாத்தல சார். விதி ஆளுக்கு ஒரு பங்கு. நான் ஆளை எண்ணாம பேரை எண்ணிட்டேன். தப்பு என்னோடது. நீங்களே வந்து எண்ணிப் பாத்துட்டுச் சொல்லுங்க. சாரும் வரட்டும். அவரு எண்ணினா இன்னும் நல்லது."

துண்டு சாருக்கு வர இஷ்டமில்லை. வராமல் இருக்கவும் வழியில்லை.

மேலாளர் ஜெனரேட்டர் ஷெட்டைத் தாண்டியது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. உள்ளே நுழையும்போது தகரத்தில் தலையை இடித்துக்கொண்டார். பலகையைச் சுற்றி எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"எண்ணுங்க சார்," என்றாள் மூத்தவள்.

துண்டு சார் விரலை நீட்டி எண்ணினார். கோடியில் வந்து நின்றார். "இவரோட சேத்துப் பதிமூணு." கொஞ்சம் யோசித்தார். "இவரு உங்க தம்பிதானே? இவரை விட்டுடலாம். பன்னெண்டு போட்டுக்குங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல. வெளியிலயும் யாரும் பேச மாட்டாங்க."

"போடு," என்றான் சின்னவன் உடனே. "என்னைக் கழிச்சே போடுக்கா. எவனும் உன்னை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. இவங்கெல்லாம் முடிச்ச பிறகு என்னோடதை ஓட்டிக்கறேன்."

"டேய்!" கண்ணாடிக்காரி பாய்ந்தாள். "பாலத்துல நடுப்பகுதி உன்னோடது. அது இல்லாம மீதியை எங்க கொண்டுபோய்க் குடுக்கறது? உன் ரோஷத்துக்கு நாங்க வேலையை விடணுமா?"

"எனக்காக அக்கா பேர் கெட வேணாம்."

மேலாளர் தலையாட்டினார். பன்னிரண்டு என்றால் அவருக்கும் வசதி. துண்டு சார், சின்னவன், மேலாளர் மூன்று பேரும் ஒத்துக்கொண்டாயிற்று.

"பதிமூணு," என்றாள் மூத்தவள்.

"ஏம்மா, அவரே வேணாங்கறாரே!"

"அவன் வேணாம்னா ஆள் இல்லன்னு ஆயிடுமா? வேற யாரோட தம்பியாவது அந்த மூலையில உக்காந்திருந்தா எண்ணியிருப்பீங்கல்ல சார்? எனக்குத் தம்பியாப் பொறந்ததுக்காக ஒரு ஆள் குறையுமா? கூடுதலா ஒண்ணு போட்டாலும் அநியாயம். ஒண்ணு குறைச்சாலும் அதேதான்." அவள் தம்பி பக்கம் திரும்பினாள். குரல் ஏறிவிட்டது. "உன் ரோஷத்தை வீட்டுல வெச்சுக்கோ. அங்க அம்மா கவனிச்சுப்பாங்க. இங்க நீ ஒரு ஆள். அவ்வளவுதான். அதுக்குக் குறைச்சும் இல்ல, கூடவும் இல்ல."

 

மேலாளர் நெற்றியைத் தடவிக்கொண்டே மறுபடி ஒருமுறை பலகையைச் சுற்றிப் பார்த்தார். உதடு அசைந்தது. அவரும் எண்ணினார்.

"பதிமூணுதானா?" என்றார். "இன்னிக்கு யாரும் லீவா?"

"இல்ல சார். எப்பவுமே நாங்க பதிமூணுதான்," என்றாள் கண்ணாடிக்காரி.

"காண்ட்ராக்டர் இருபது பேருன்னு எழுதிக் குடுத்துத்தானே மாசாமாசம் சம்பளப் பணம் வாங்கறாரு?"

பதிமூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது பேர் வேலையைப் பதிமூன்று முதுகுகள் இழுத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரிந்தது. 

"அதை நான் கேட்டுக்கறேன்," என்றார் மேலாளர். குரல் மாறியிருந்தது. "இப்போதைக்குப் பதிமூணு போடுங்க. அறிவிப்புப் பலகையிலயும் எழுதி ஒட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

*

மூத்தவள் பதிமூன்று என்று அடித்தாள். மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது. அதற்கு எண் மாறியது, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பின்கட்டின் வேலைகள், சேற்றில் மாட்டிய வண்டி ஒரு உலுக்கலில் வெளியே வருவதுபோல், நகர ஆரம்பித்தன. மாடிக்காரர்களின் வேலைகள் கொஞ்சம் நிதானப்பட்டன. துண்டு சாரின் நூறு துண்டும் ஒரு பங்கில் ஊர்ந்தது. யாரும் நிற்கவில்லை. யாரும் யாரையும் மிதிக்கவில்லை. திரையில் எல்லாப் பெயர்களும் அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்து மூத்தவள் ஸ்வெட்டர் போட மறந்து உட்கார்ந்திருந்தாள். கை குலுக்கல் வாங்கிய அன்று இந்த நிறைவு இல்லை. அன்று வாங்கியது பாராட்டு. இது சரியாக ஓடுகிற வேலை.

மாலை இறங்கும் நேரத்தில் கதவு திறந்தது. சின்னவன். அந்த அறைக்குள் அவன் வந்ததே இல்லை. குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"முடிஞ்சிருச்சு," என்றான். "நடுப்பகுதிதான் கடைசி. எல்லாத்தையும் குடுத்தாச்சு."

"ம்."

"காத்து அடிச்சா பாலம் நிக்கும்."

"நிக்கத்தான் செய்யும். யாரு போட்ட கணக்கு!"

அவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "அக்கா, உன் ஸ்வெட்டரைக் குடு. உனக்கு இந்த ரூம் பழகிப்போச்சு, எனக்குத்தான் குளிருது."

ஸ்வெட்டரை அவன் மூஞ்சியில் எறிந்தாள்.

*

வீட்டில் அம்மா இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. முழங்கை வரை சிமெண்ட் காய்ந்து வெளுத்திருந்தது. இரண்டு பேரும் ஒன்றாக வந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே உட்காரவைத்து முழுக்கதையையும் கேட்டாள். நடுவில் இரண்டு தடவை துண்டு சாரைத் திட்டினாள்.

கேட்டு முடித்ததும் முகம் சுருங்கியது. "ஒண்ணா? அக்காக்காரி கையில மெஷினை வெச்சுக்கிட்டும் என் மகனுக்கு ஒரே ஒரு பங்குதானா?"

"எல்லாருக்கும் ஒண்ணுதான்மா."

"எனக்குத் தெரியாதா? சும்மா கேட்டேன்." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.  "மேலாளர் இன்னிக்கும் எந்திரிச்சு நின்னாரா?"

"இன்னிக்கு நாங்க உக்கார்ற இடத்துக்கே வந்து, தகரத்துல தலையை இடிச்சுக்கிட்டாரு," என்றான் சின்னவன்.

"அது!" அம்மா தொடையைத் தட்டினாள். "மேஸ்திரிக்கு நாளைக்குச் சொல்ல இது போதும்."

அப்போது தெருமுனையில் ஒரு பெரிய வெள்ளைக் கார் திரும்பியது. அந்தத் தெருவுக்குப் பொருந்தாத கார். சின்னவன் எழுந்தான். "காண்ட்ராக்டர்," என்றான் தாழ்ந்த குரலில். மூத்தவளும் எழுந்தாள்.

"ரெண்டு பேரும் உள்ள போங்க," என்றாள் அம்மா.

"அம்மா, அவரு..."

"போங்கறேன்ல?"

காண்ட்ராக்டர் இறங்கி வந்தார். சலவைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. "அம்மாதானா? நல்லா இருக்கீங்களா? நம்ம பையன் ரொம்ப நல்ல பையன். அவனை நிரந்தரமா ஆக்கிடலாம்னு பேசத்தான் வந்தேன்." சிரிப்பு மாறாமலேயே குரலை இறக்கினார். "ஆபீஸ்ல இன்னிக்கு என்னமோ ஆள் எண்ணினாங்களாமே. யாரு ஆரம்பிச்சது அது?"

அம்மா வாசலை விட்டு நகரவில்லை. சிமெண்ட் காய்ந்த இரண்டு கையையும் நிலைக்கு இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டாள்.

"நான் பெத்ததுங்கதான். ரெண்டும்."

காண்ட்ராக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது.

அம்மா அவர் தோளுக்கு மேலாகக் காரை எட்டிப் பார்த்தாள்.

"மீதி ஏழு பேர் எங்கங்கய்யா? வண்டியிலயா இருக்காங்க? இறங்கச் சொல்லுங்க. ஒரு தடவை எண்ணிப் பாத்துடலாம்."